கேற்றுக்கு உள்ளே 35 கிலோ

உரும்பிராயில் ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிற்பாட்டுகிறவர் முதலில் கேட்பது "ஆர் வீட்டிலை?" என்றல்ல, "நாய் கட்டியிருக்கோ?" என்றுதான். உள்ளேயிருந்து "ஓம், கட்டியிருக்கு, வாங்கோ" என்று பதில் வந்தால் ஆள் உள்ளே வருவார். "பயப்பிடாதையுங்கோ, அது ஒண்டும் செய்யாது" என்று வந்தால், ஒரு காலை மதிலோரம் ஊன்றியபடியே விசயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வசனத்தின் பெறுமதி ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியால் வடக்கே வந்தால் கோண்டாவிலுக்கு அப்பால் உரும்பிராய். சந்தியைச் சுற்றிக் கடைகள். ஒழுங்கைக்குள் இறங்கினால் செம்மண் தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள், வாழை, கிணறுகள். இடையிடையே புதிதாக எழும்பிய மாடிவீடுகள், ஆளுயர மதில்கள், உருட்டித் திறக்கும் இரும்புக் கேற்றுகள். அந்தக் கேற்றுகளுக்குப் பின்னால் இப்போது கேட்கும் குரைப்பு பழைய குரைப்பு இல்லை. அடித்தொண்டையிலிருந்து வருகிறது.

கிடுகு வேலியும் கிளுவை வேலியும் இருந்த காலத்தில் நாய்க்கென்று வேலிக்குக் கீழே ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டால் புகுந்து அது நாலு வளவுக்கும் போய்வரும், நாலு வீட்டுச் சோறு தின்னும். அயலவர் யார், பிறத்தியார் யார் என்பதை ஒழுங்கையில் திரிந்தே படித்துக்கொண்டது. மற்ற நாய்களோடு எப்படி நடப்பது, விளையாட்டுக் கடியில் எவ்வளவு அழுத்தலாம் என்பதையெல்லாம் தாயும் ஒழுங்கை நாய்களும் சொல்லிக்கொடுத்தன. நிறையும் பெரிதாக இல்லை. பாய்ந்து ஏறினாலும் ஒரு பெரிய மனுசர் விழமாட்டார். மதில் வந்ததும் பொட்டு போய்விட்டது. புது நாய் மதிலுக்குள் தனியே வளர்கிறது. ஒழுங்கை செய்த ஆசிரியர் வேலையை இனி வீட்டுக்காரர்தான் செய்யவேண்டும். பல வீடுகளில் அந்த வேலை தங்களுடையது என்றே யாரும் நினைப்பதில்லை.

பெரிய நாய் வீட்டுக்கு வருவதற்கான காரணம் எளியது. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ. வீட்டில் வயதான தாய் தகப்பன். களவு, வாள்வெட்டு என்று செய்தி வரும்போதெல்லாம் அங்கே தூக்கம் போகிறது. கமரா பூட்டக் காசு வருகிறது. கூடவே "ஒரு நல்ல அல்சேசனும் வாங்கி விடுங்கோ" என்று தொலைபேசியும் வருகிறது. (ஜேர்மன் ஷெப்பர்டைத்தான் சொல்கிறார்கள். முதலாம் உலகப்போரில் ஜேர்மன் என்ற பெயரே பிடிக்காமல் பிரித்தானியர் அதற்கு வைத்த பெயர் அல்சேஷன். 1977இல் அவர்களே பழைய பெயருக்கு மீண்டும் இடம் கொடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணம் கொடுக்கவில்லை.)

வந்து இறங்கும்போது அது ஒரு பஞ்சுப் பொட்டலம். அன்றைக்கு எல்லோரும் தூக்கிக் கொஞ்சுவார்கள். பத்து மாதத்தில் அதே குட்டி, கொஞ்சிய அதே ஆட்களின் நெஞ்சில் முன்கால் இரண்டையும் போடும். ஜேர்மன் ஷெப்பர்டில் வளர்ந்த கடுவன் 30 முதல் 40 கிலோ வரை நிறை இருக்கும். ரொட்வைலர் கடுவன் 50 கிலோவையும் தொடும். "சாது" என்று பெயரெடுத்த லாப்ரடோர்கூட 30 கிலோவுக்கு மேல் வரும். அந்த நாளில்தான் சங்கிலி வருகிறது. பகல் முழுக்க மாமரத்தடியில் கட்டு, இரவில் அவிழ்ப்பு. ஊரில் பலர் 'நாய் வளர்ப்பு' என்று சொல்வது இதைத்தான்.

கட்டி வைத்தால் நாய்க்குக் கோபம் ஏறும், காவல் நன்றாக இருக்கும் என்பது பழைய நம்பிக்கை. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பிழை. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆட்களைக் கடித்த நாய்களையும், அதே அயலில் இருந்த கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் ஓர் ஆய்வு வெளியானது. கடித்த நாய்களில், வளவுக்குள் சங்கிலியில் கட்டி வளர்க்கப்பட்டவையாக இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்கு. நலமடிக்கப்படாத நாய்களுக்கு அது 2.6 மடங்கு. ஜேர்மன் ஷெப்பர்ட் இனமும் அந்தக் கடிப் பட்டியலில் முன்னுக்கு நின்றது. கட்டப்பட்ட நாய்க்கு விலகி ஓட வழியில்லை. எதைக் கண்டு பயந்தாலும் எதிர்த்து நிற்பதுதான் அதற்கு மிஞ்சும் ஒரே தெரிவு. நாள் முழுக்க ஒழுங்கையால் போகும் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக் குரைத்து, அந்தச் சைக்கிள் போய்விட்டதும் "நான்தான் துரத்தினேன்" என்று அது கணக்கு வைக்கிறது. இரவில் அவிழ்த்து விடும்போது அந்தக் கணக்கும் சேர்ந்தே அவிழ்கிறது.

இந்த இனங்கள் எதற்காக உருவாக்கப்பட்டவை என்பதையும் நினைக்கவேண்டும். 1899இல் மக்ஸ் பொன் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜேர்மன் குதிரைப்படை அதிகாரி ஜேர்மன் ஷெப்பர்டைத் தனி இனமாகப் பதிவுசெய்தபோது அவர் தேடியது ஆட்டுமந்தையைச் சுற்றி நாள் முழுக்க ஓடக்கூடிய, மேய்ப்பரின் ஒரு சைகைக்கு நிற்கக்கூடிய நாயை. ரொட்வைல் நகரத்து நாய் இறைச்சிக்காரரின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற நாய். லாப்ரடோரின் முன்னோர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீனவரோடு நீந்தியவை. மூன்றும் மனிதனோடு சேர்ந்து உழைத்தவை. வேலையில்லாமல் எட்டடிக் கூட்டில் அடைத்தால் அவை தாமாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். கேற்றுக்குக் கீழே கிடங்கு தோண்டும். செருப்பைக் கிழிக்கும். தபாற்காரரைத் துரத்தும்.

பெரிய நாயை எப்படிப் பழக்கவேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் தேடி யாழ்ப்பாணத்தார் வெளியே போகவேண்டியதில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் மொசாம்பிக்கில் வைத்திருந்த தன் விரைவுக் கண்ணிவெடி அகற்றும் அணியைக் குடாநாட்டுக்கு அனுப்பியது. ஆட்களோடு மோப்ப நாய்களும் வந்தன. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் பழக்கப்பட்ட நாய்களைப் பெற்றுக்கொண்டது. உலகெங்கும் இந்த வேலைக்கு எடுக்கப்படுபவை பெரும்பாலும் பெல்ஜியன் மலினோய்ஸ், ஜேர்மன் ஷெப்பர்ட் இனங்கள். உரும்பிராய் மாமரத்தடியில் கட்டிக் கிடக்கும் அதே நாயின் இனசனம்தான்.

கண்ணிவெடி நாயை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. பந்து என்றால் பித்துப் பிடிக்கும் நாயாகத் தெரிவு செய்வார்கள். வெடிமருந்தின் மணம் உள்ள இடத்தில் மூக்கை வைத்தால் பந்து கிடைக்கும். முதல் பாடம் அவ்வளவுதான். அடுத்த படியில், மணத்தைக் கண்டதும் உட்கார்ந்தால் மட்டும் பந்து. பிறகு, உட்கார்ந்து அசையாமல் இருந்தால் மட்டும். அதன் பிறகுதான் மண்ணுக்கு அடியில் புதைத்த மணம். நீண்ட கயிற்றின் நுனியில் நாய் மூக்கைத் தரையோடு வைத்து நேர்கோட்டில் போகும். மணம் பிடித்த இடத்தில் உட்காரும். காலால் விறாண்டாது, குரைக்காது, திரும்பி ஆளைப் பார்க்கும். பந்து வரும். வெயில் ஏறினால் வேலையை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் இளைக்கும் நாயால் மோப்பம் பிடிக்க முடியாது.

இந்தப் பழக்கத்தில் அடி இல்லை. இரக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அடிக்குப் பயந்த நாய், பிழை விடுவோமோ என்ற பயத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் உட்காரும்; அல்லது மணம் கண்டும் காட்டாமல் கடந்து போகும். அதை நம்பி அடுத்த அடி வைக்கப்போவது ஒரு மனிதன். உயிர் தொங்கும் வேலைக்கே அடி உதவாது என்றால், விறாந்தையில் மூத்திரம் பெய்யாமல் இருக்கப் பழக்குவதற்கு அது எதற்கு?

இருந்தும் பிரம்பு போகவில்லை. "நாய்க்கு எசமான் ஆரெண்டு காட்டவேணும்" என்ற பேச்சு ஊரில் மட்டுமல்ல, யூரியூப் பார்த்து நாய் வளர்க்கும் இளைஞர்களிடமும் இருக்கிறது. அதன் வேர் 1947இல் ருடோல்ப் ஷெங்கல் என்பவர் கூட்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் தலைமைக்குச் சண்டை பிடிக்கும் என்று அவர் கண்டார். 1970இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. ஆனால் அதே மெக் பின்னர் காட்டு ஓநாய்களைப் பல கோடைகளாகப் பின்தொடர்ந்து, 1999இல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும். அங்கே தலைமைக்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை. எழுதியவரே கைவிட்ட கருத்தை நாயின் கழுத்தைத் தரையோடு அழுத்துகிறவர்கள் இன்னும் விடவில்லை. போர்த்துக்கலில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களில் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. பழக்கத்துக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் கோர்ட்டிசோல் அளவும் கூடியிருந்தது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா ஓய்வுபெற்றவர், தோட்டம் பார்க்கிறார். அம்மா வீட்டில். மகள் பல்கலைக்கழகம் போகிறாள், மகன் ரியூசனுக்கு ஓடுகிறான். நாளைக்குக் குட்டி வருகிறது. இன்றைக்கே செய்யவேண்டியது சில.

முதலாவது கிணறு. கட்டு பதிந்த கிணறுகள் இன்னும் பல வளவுகளில் உண்டு. அவற்றுக்கு வலைமூடி வேண்டும். அடுத்தது தோட்டத்து மருந்துப் போத்தல்களும் எலிப் பாசாணமும். அவற்றைப் பூட்டி வைக்கவேண்டும். அதன் பிறகு, உரும்பிராய்க்கென்றே உள்ள ஒரு வில்லங்கம்: வெங்காயம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு இரத்தக் கலங்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும். பச்சையாகத் தின்றாலும் கறியில் வெந்திருந்தாலும் ஒன்றுதான். மிஞ்சிய சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கும் வழக்கம் பெரும்பாலும் உடனே கொல்லாததால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. இந்தப் பக்கத்துப் பந்தல்களில் காய்க்கும் முந்திரிகைப் பழமும் நாய்க்கு ஆகாது. சில நாய்களுக்குச் சிறுநீரகமே பழுதாகும். கேக்குக்குப் போடும் உலர் முந்திரிகையும் அப்படித்தான். வெளிநாட்டுச் சூட்கேசில் வரும் கறுப்புச் சொக்கிலேற்றும் அந்தப் பட்டியலில் சேரும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். "எலும்பு பலக்கட்டும்" என்று மருத்துவரைக் கேளாமல் கல்சியம் குளிசை கொடுப்பதும் பிழை. பெரிய இனக் குட்டியின் உடல் மிஞ்சிய கல்சியத்தைத் தள்ளத் தெரியாமல் உறிஞ்சும். மூட்டும் எலும்பும் கோணலாக வளரும்.

குட்டி எந்த வயதில் வரவேண்டும்? கண் திறந்து பால் மறக்குமுன்பே, ஒரு மாதத்தில் கொண்டுவந்துவிடுகிற அவசரம் இங்கே உண்டு. எட்டு வாரம்வரை தாயோடும் கூடப்பிறந்தவையோடும் இருந்த குட்டிதான் கடியின் அளவைக் கற்றுக்கொண்டு வரும். அந்தப் பாடத்தைத் தாய்நாயைவிட நன்றாக யாரும் நடத்த முடியாது.

முதல் இரவு குட்டி அழும். அழத்தான் செய்யும். குசினிக்குப் பின்னால் தனியே விட்டால் விடிய விடிய அழுது, தனிமை என்றாலே பயம் என்று படித்துக்கொள்ளும். யாராவது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் பழைய சேலையை விரித்துப் படுக்கவைத்தால் போதும். சில கிழமைகளில் பெட்டியைச் சிறிது சிறிதாக விறாந்தைக்கு நகர்த்தலாம். நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் வளவின் ஒரே மூலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அங்கே ஒன்றுக்கு இருந்ததும் அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே ஒரு துண்டு அவித்த ஈரலும் நல்ல வார்த்தையும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். உள்ளே இருந்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது காலங்காலமாக நடக்கும் மடத்தனம். மனிதர் இல்லாத நேரம் பார்த்து இருக்கவேண்டும் என்பது மட்டுமே அதிலிருந்து நாய் கற்கும் பாடம்.

பிறகு கட்டளைகள். நமது வீட்டில் அப்பா "இரு" என்பார். மகள் "சிற்" என்பாள். அம்மா "சொன்னாக் கேக்கமாட்டியே, இரடா குஞ்சு" என்பார். மகன் ஒன்றும் சொல்லாமல் பிட்டத்தைப் பிடித்து அமத்துவான். குட்டி நாலு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். எந்த மொழி என்பது பிரச்சினையே இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும், ஒரு முறை சொல்லவேண்டும், செய்ததும் இரண்டு செக்கனுக்குள் பரிசு கொடுக்கவேண்டும். இரு, வா, பொறு, விடு. இந்த நாலும் சரியாக வந்தால் ஒரு பெரிய நாயோடு வாழ்ந்துவிடலாம். குட்டிக்கு ஒரு நேரத்தில் சில நிமிடங்களுக்கு மேல் பாடம் நடத்தவும் கூடாது. "வா" என்று கூப்பிட்டு வந்த நாயை, முன்பு செய்த குற்றத்துக்காக ஒருநாளும் அடிக்கக்கூடாது. அடித்தால் வந்ததற்காகத்தான் அடி விழுந்தது என்று நினைக்கும். அடுத்த முறை பலாலி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் அது நிற்கும்போது நீங்கள் கூப்பிட்டாலும் வராது.

பாய்ந்து ஏறுவதில்தான் வீடுகள் பெரும்பாலும் தோற்கின்றன. இரண்டு மாதக் குட்டி காலில் ஏறும்போது சிரித்துத் தூக்குவது யார்? அம்மாதான். எட்டு மாதத்தில் அது பாயும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளப்போவதும் அம்மாதான். நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் தடவல், ஏறினால் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது. முதல் நாளிலிருந்து வீட்டாரும், வருகிற மாமா மாமியும் இதைச் செய்தால் சில கிழமைகளில் பழகிவிடும். மாமா மட்டும் "எனக்குப் பறவாயில்லை, ஏறட்டும்" என்றால் பழகாது. ஆகவே மாமாவுக்கும் பழக்கவேண்டும்.

சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமும் நாயிடம் கோப்பையைப் பறித்து "எனக்கு முன்னாலே உறுமுறியோ" என்று கேட்பது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆள் வந்தால் சோறு போய்விடும் என்ற அதன் பயத்தை அது உறுதிப்படுத்துகிறது. குட்டியாக இருக்கும்போதே, தின்றுகொண்டிருக்கையில் கிட்டப் போய் ஒரு மீன் துண்டைக் கூடுதலாகப் போட்டுவிட்டு வந்தால், ஆள் வருவது நல்ல செய்தி ஆகிவிடும். உறுமலுக்குத் தண்டனை கொடுக்கவே கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

காலம் குறுகியது என்பதையும் சொல்லவேண்டும். உலகம் எப்படிப்பட்டது என்பதை நாய்க்குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரத்துக்குள் முடிவு செய்துகொள்கிறது. ஸ்கொட், புல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இதில் பெரிய சர்ச்சை இல்லை. அந்த நாட்களில் கண்டு பழகாததைக் கண்டு வளர்ந்த நாய் பயப்படும். பயப்படும் பெரிய நாய் ஆபத்தான நாய். ஆகவே, ஊசி போட்டு முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கியாவது ஒழுங்கை முகப்புக்குக் கொண்டுபோகவேண்டும். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இரைந்துகொண்டு போகட்டும். மீன்காரர் கூவட்டும். பாண் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு வரட்டும். குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், சீருடைப் பிள்ளைகள், பொல்லூன்றி வருகிற அப்பு, எல்லோரையும் அது பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு ஈரல். கோயில் திருவிழா வெடியைத் தூரத்தில் நின்று கேட்டுப் பழகிய குட்டி, பிறகு வெடிச் சத்தத்தில் மதில் பாய்ந்து ஓடாது.

"எல்லாரோடையும் பழகவிட்டால் கள்ளனுக்கும் வாலாட்டும்" என்பது அடுத்து வரும் மறுப்பு. ஆளுக்கு ஆள் பழகிய நாய்க்குத்தான் வழமையானது எது, வழமையில்லாதது எது என்று தெரியும். பகலில் கேற்றைத் தட்டும் மீன்காரரையும் நடுச்சாமத்தில் மதிலேறும் ஆளையும் அதனால் பிரிக்க முடியும். எல்லோரையும் கண்டு குரைக்கும் நாயின் குரைப்பை வீட்டாரே கேட்பதில்லை. வயதுக்கு வந்த ஜேர்மன் ஷெப்பர்டோ ரொட்வைலரோ, அந்நிய அரவம் கேட்டு எழும்பி நின்று குரைப்பதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. "குரைத்தது போதும்" என்றால் நிற்பதற்குத்தான் பாடம் வேண்டும். ஒழுங்கையால் போகிறவர்களைக் காட்டி "சூ, பிடி" என்று சிறுவர்கள் உசுப்பிவிடும் விளையாட்டு உடனே நிற்கவேண்டிய ஒன்று. கடிப் பயிற்சி என்பது பொலிஸ், இராணுவப் பழக்குநர்கள் கட்டுப்பாடு முழுதும் வந்த பிறகே தொடும் வேலை. அவர்களிடம்கூட 'விடு' என்ற கட்டளைக்கு விடாத நாய் தேறாது.

2024 மே மாதம் சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ரொட்வைலர்கள் குதறின. நாய்களின் உரிமையாளர் கைதுசெய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இந்திய மத்திய அரசு ரொட்வைலர் உட்பட 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. இனத்தைத் தடைசெய்வதா, உரிமையாளரைப் பிடிப்பதா என்ற வாதம் அங்கே தொடர்கிறது. சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுவரும் ஆளைப் பிடிப்பதுதான் பலன் தரும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. இனத்தின் பெயர் மாறினாலும் அந்த ஆள் மாறமாட்டார்.

இலங்கையில் சட்டம் பழையது, ஆனால் இருக்கிறது. விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டினது. நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டினது. உரும்பிராய் வாசிகள் தங்கள் நாயைப் பதியவேண்டிய இடம் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. விலங்கைக் கவனயீனமாக வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அதற்கு மேல், இந்த நாட்டின் பொதுச்சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு செய்த சேதத்துக்கு உரிமையாளரிடம் நட்டஈடு கேட்க வழியிருக்கிறது. "அது ஒண்டும் செய்யாது" என்ற வசனம் அங்கே செல்லாது.

விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடவேண்டும். அட்டையைக் கவனமாக வைத்திருக்கவேண்டும். எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயே என்றாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. விசர் நோய் தலைக்கேறிவிட்டால் அதற்கு மருந்தில்லை.

குட்டியாக இல்லாமல், வளர்ந்த நாயாக வீட்டுக்கு வருவதும் நடக்கிறது. குடும்பம் வெளிநாடு போகிறது, நாய் கைமாறுகிறது. அப்படி வந்த நாய்க்கு நாய்ப் புகலிடங்கள் ஒரு கணக்குச் சொல்கின்றன: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். முதல் மூன்று நாளும் உறவுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல், ஒரு மூலை, ஒரு கோப்பை, ஒரே ஆள் என்று விட்டுவிடுவது நல்லது. கைமாறவும் ஆளில்லாத நாய்கள் வீதிக்கு வருகின்றன. 2006க்குப் பிறகு தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஊர் முழுக்க வாங்கிவிட்டுக் கைவிடும் பெரிய நாய்களை ஒரு சரணாலயம் தாங்காது.

கடைசியாக வெயில். நாய்க்கு உடம்பில் வேர்ப்பதில்லை, பாதத்தில் சிறிது வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். ஜேர்மன் ஷெப்பர்டின் இரட்டை மயிர் பனி நாட்டுக்கு ஆனது. சித்திரை வைகாசியில் நாயை நடத்துவதென்றால் விடிகாலை, இல்லையென்றால் பொழுதுபட்ட பிறகு. தார் வீதியில் புறங்கையை வைத்துப் பார்த்து, கை பொறுக்காவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. மொட்டையடிப்பது உதவாது, அந்த மயிரே வெயிலையும் தடுக்கிறது. திரும்பி வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்கவேண்டும். உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தைக் குடித்துவிடும். ஒன்றரை வயதுவரை மூட்டுகள் முற்றுவதில்லை. அதுவரைக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி ஓடவைக்கும் 'எக்சசைஸ்' வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து நாய்க்குக் காசு அனுப்பும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். குட்டியின் விலையைக் கேட்குமுன், வீட்டில் இருக்கும் அப்பாவால் அந்த நாயைக் காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்த முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், மாதாமாதம் தீனிக்கும் ஊசிக்கும் அனுப்புங்கள், நலமடிக்கவும் அனுப்புங்கள், விடுமுறைக்கு வரும்போது வீட்டில் பழக்கிய அதே நாலு சொல்லையே நீங்களும் சொல்லுங்கள். முடியாது என்றால், உங்கள் ஒழுங்கையிலேயே யாராவது ஒரு வீட்டில் ஊர் நாய் குட்டி போட்டிருக்கும். எட்டு வாரம் கழித்து ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள். வெயில் அதற்குப் பழக்கம், நிறை அம்மாவுக்கு அடங்கும், கள்ளன் வந்தால் அதுவும் குரைக்கும்.